மாருதி 800 முன் வீல்ல ஊளைச் சத்தம், ஸ்டியரிங் ஆட்டம்: ரெண்டுக்கும் ஒரே காரணமா?

கல்லிடை_800:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி மாருதி 800, 2004 மாடல், டிஎன் 72 நம்பர். அப்பா வாங்குனது, அவங்க போனதுக்கு அப்புறம் நான் ஓட்டுதேன். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 2019லயும் 2024லயும் ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, எஞ்சின் இப்பவும் ஒரே செல்ஃப்ல எடுக்கும், அதனால வித்துட்டு வேற வாங்குன்னு மட்டும் யாரும் சொல்லிராதீங்க.

வாரத்துல மூணு நாள் அம்மாவ டயாலிசிஸ்க்கு கல்லிடைக்குறிச்சில இருந்து பாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். வீரவநல்லூர் தாண்டி கொஞ்சம் வேகம் எடுத்தா, 50க்கு மேல முன்னாடி கீழ இருந்து ஊஊன்னு ஒரு ஊளை. மாவு மில்லு வாசல்ல நின்னா கேக்குமே அந்த மாதிரி. வேகம் கூடக் கூட சத்தமும் கூடுது, கிளட்ச்ச மிதிச்சு நியூட்ரல்ல விட்டாலும் நிக்க மாட்டேங்கு. முன்னெல்லாம் லேசா இருந்துச்சு, இந்த நாலு மாசமா அம்மாவே என்னல இது சத்தம்னு கேக்க ஆரம்பிச்சிட்டாவ.

அடுத்தது ஆட்டம். 25ல இருந்து 35 வரைக்கும் ஸ்டியரிங் தானா இடமும் வலமும் பைய ஆடுது, கைய விட்டா கண்ணுக்கே தெரியும். அப்புறம் 40, 50ல ஒண்ணும் தெரியாது, 75 தொட்டா கை நடுங்குற மாதிரி தடதடன்னு அடிக்கி.

ஒரு கடைல மூணு மாசத்துல ரெண்டு தடவ அலைன்மெண்ட் பாத்தாச்சு. கடைப் பேர் வேண்டாம். ரெண்டு நாள் நல்லாருக்கும், அப்புறம் பழைய கததான். மூணாவது தடவ போனப்ப ஸ்டியரிங் ரேக்கையே (ஸ்டியரிங் திருப்புறத வீலுக்குக் கொண்டு போற பல்லுச் சட்டம்) மாத்தணும், 14 ஆயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. வண்டிய ஜாக்கில தூக்கிக் கூட பாக்கல. அந்தக் காசு இப்ப எனக்குப் பெரிய காசு. மாத்துனா சரியாவும்னு தெரிஞ்சா எப்படியாவது மாத்திருவேன், அது தெரியாம மாத்த மனசு வரல. அம்மாவ வச்சிட்டு இந்த வண்டில போலாமா கூடாதான்னும் சொல்லுங்க.


விகேபுரம்_ரைடர்:

ப்ரோ இது ஆக்சில் தான், கியர்பாக்ஸ்ல இருந்து வீலச் சுத்துற தண்டு. என் ஃப்ரெண்டு வண்டிலயும் இப்படித்தான் முன்னாடி சத்தம் வந்துச்சு, ரெண்டு பக்கமும் ஆக்சில் மாத்துனான், சத்தம் போயிருச்சு. ரேக் வேண்டாம், ஆக்சில் மாத்துங்க.


கரிசக்காட்டான்:

தம்பி, எதையும் மாத்துறதுக்கு முன்னாடி காசு செலவில்லாத ரெண்டு வேலையப் பாத்துக்கிடுங்க. ஒண்ணு வீல் நட்டு. வீல் ஸ்பேனர எடுத்து நாலு நட்டையும் இப்பவே டைட் பாருங்க, அலைன்மெண்ட் பாக்குற எடத்துல வீலக் கழட்டிட்டு பாதி டைட்ல அனுப்பி விட்டு ரோட்டுல வீல் கழண்டு போனத நான் நேர்ல பாத்திருக்கேன், அது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு சொல்லத் தேவையில்ல.

ரெண்டாவது ரிம்முக்கு உள்பக்கம். எங்க ஊர் கயத்தாறு பக்கம், கரிசல் மண்ணு, மழை பேஞ்ச மறுநாள் காட்டுக்குப் போயிட்டு வந்தா ரிம்முக்கு உள்ள ஒரு பிடி மண்ணு அப்பிக்கிடும், காஞ்சா சிமெண்ட் மாதிரி ஆயிரும், வெளில இருந்து பாத்தா வண்டி பளபளன்னு இருக்கும் ஆனா உள்ள ஒரே எடத்துல கால் கிலோ மண்ணு உக்காந்திருக்கும். பேலன்சிங் பண்ணுறவங்க 5 கிராம் 10 கிராம்னு ஈயக்கட்டி ஒட்டுறாங்க, அப்ப கால் கிலோ ஒரு பக்கமா இருந்தா 70, 80ல என்ன ஆட்டம் ஆடும்னு நெனச்சிப் பாருங்க. நான் இத தெரியாம ஒரு மாசம் அலஞ்சேன், கடசில ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர வச்சு சொரண்டி எடுத்தேன், அன்னைக்கே நின்னுருச்சு. நீங்க ஆத்துப் பாசனப் பக்கம், தொழிக்குள்ள (வயல் சேத்துக்குள்ள) வண்டிய எறக்குவீங்களா?


பேட்டை_மெக்கானிக்:

32 வருசமா பேட்டைல இந்த வேலை பாக்கேன், அதுல 800 மட்டும் எத்தன கழட்டிருக்கேன்னு கணக்கே இல்ல. தம்பி கேட்டதுல முக்கியமான விசயம் இது: சத்தம் வேற, ஆட்டம் வேற. ரெண்டும் ஒரே பாகத்துல இருந்து வரலாம், வராமலும் இருக்கலாம். ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தேடுனா கடசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியாது, அப்பதான் ரேக்க மாத்து, ஆக்சில மாத்துன்னு வரிசையா செலவு வரும்.

மொதல்ல சத்தம். விகேபுரம் தம்பி ஆக்சில்னு சொல்லுதாரு, ஆக்சில் ஜாயிண்ட் போனா சத்தம் இப்படி ஊளையா வராது. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு ஆக்சிலேட்டர் குடுத்துத் திருப்பும்போது டக்கு டக்கு டக்குன்னு வரும், ரப்பர் பூட் கிழிஞ்சு ரிம்முக்கு உள்பக்கம் கிரீஸ் தெறிச்சிருக்கும். உள்பக்கத்து ஜாயிண்ட் போனா ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வண்டி நடுங்கும், கால எடுத்தா நின்னுரும். நீங்க நியூட்ரல்ல விட்டாலும் நிக்கலன்னு சொல்லிட்டீங்க, அதனால எஞ்சின் இல்ல, வீலோட சேந்து சுத்துற ஏதோ ஒண்ணு. ஒண்ணு டயர், இல்லாட்டி வீல் பேரிங், அதான் வீல் லேசா சுத்துறதுக்கு உள்ள குண்டு வச்ச வளையம்.

இத எப்படிப் பிரிக்கிறதுன்னா, ரோடு மாறும்போது கவனிங்க. டயர் சத்தம்னா புது தார் ரோட்டுல கொறையும், சொரசொரப்பான ரோட்டுல கூடும். பேரிங் எந்த ரோடுன்னு பாக்காது, ஒரே மாதிரி ஊளை போடும். அடுத்தது, முன்னயும் பின்னயும் வண்டி வராத நேரமாப் பாத்து, வேற ஆளு பக்கத்துல உக்காந்து காது குடுக்கட்டும், 50ல போயிட்டு ஸ்டியரிங்க பைய இடது, வலதுன்னு அலை மாதிரி லேசா அசைங்க, வெட்டித் திருப்பாதீங்க. வலது பக்கம் திருப்பும்போது வண்டி பாரம் இடது வீல்ல எறங்கும். அப்ப சத்தம் கூடி, இடது பக்கம் திருப்பும்போது கொறஞ்சா, இடது பேரிங் மேல சந்தேகம். மாத்தி நடந்தா வலது.

வீட்டுலயே ஒண்ணு பாக்கலாம். சமதரைல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீலுக்கு முன்னயும் பின்னயும் கல்லு குடுத்து, ஒரு முன் வீல ஜாக்கில தூக்குங்க, ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க, கழட்டி வச்ச ஸ்டெப்னிய வண்டிக்கு அடில தள்ளி வைங்க, அடில தலைய விடவே விடாதீங்க. கியர் நியூட்ரல். ஒரு கையால வீலச் சுத்தி விட்டுட்டு இன்னொரு கைய உள்ள விட்டு காயில் ஸ்பிரிங்க லேசா புடிங்க. நல்ல பேரிங்னா கைக்கு ஒண்ணும் தெரியாது. போன பேரிங்னா ஸ்பிரிங் வழியா அரைக்கிற மாதிரி ஒரு நடுக்கம் விரலுக்கு வரும், காதுக்குக் கேக்காதது கூட கைக்குத் தெரிஞ்சிரும். சர்ர்னு தகரம் ஒரசுற சத்தம் மட்டும் வந்தா டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்க தகட்டுல சின்னக் கல்லு மாட்டியிருக்கும், அது அஞ்சு நிமிச வேலை.

இப்ப ஆட்டம். அதே மாதிரி தூக்கி வச்சு, கடிகாரத்துல 12ம் 6ம் இருக்க எடத்துல டயரப் புடிச்சு உள்ளயும் வெளியயும் அசைங்க. அப்புறம் 9ம் 3ம். 9, 3ல மட்டும் டொக்குன்னு ப்ளே (லூசான ஆட்டம்) இருந்தா டை ராட் எண்ட் (ரேக்கையும் வீலையும் இணைக்கிற கம்பியோட முனை), இல்லாட்டி ரேக். 12, 6ல ப்ளே இருந்தா பேரிங், இல்லாட்டி பால் ஜாயிண்ட் (வீலக் கீழ புடிச்சிருக்க குண்டு மூட்டு). அது எதுன்னு தெரியணுமா, வீட்டுல யாரையாவது உள்ள உக்கார வச்சு பிரேக்க அழுத்திப் புடிக்கச் சொல்லுங்க. பிரேக் புடிச்சா ஹப்பும் (வீல மாட்டுற, சுத்துற பாகம்) நக்கிளும் (அதத் தாங்கி நிக்கிற இரும்புக் கூடு) ஒண்ணாப் பூட்டிக்கிடும், ப்ளே காணாமப் போனா பேரிங், அப்படியே இருந்தா பால் ஜாயிண்ட்.

800ல இன்னொண்ணு, லோயர் ஆர்ம (வீலக் கீழ புடிச்சிருக்க இரும்புக் கை) முன்னபின்ன போகாமப் புடிச்சிருக்கது ஸ்டெபிலைசர் பார் தான். அதோட ரப்பர் புஷ் நைஞ்சிருந்தா வீலு தன் எடத்துல நிக்காது, பிரேக் புடிக்கும்போது ஒரு பக்கமா வெட்டும். விலை கொஞ்சந்தான், ஆனா நெறய பேரு அதப் பாக்குறதே இல்ல.

அலைன்மெண்ட்டப் பத்தி மனசுல பட்டதச் சொல்லிருதேன். அலைன்மெண்ட்ங்கது வீல் எந்தப் பக்கம் பாத்து நிக்கிங்கற கோணம். அது தப்புனா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரத்துல தேயும். ஸ்டியரிங் நடுங்குறதுக்கு அத மூணு தடவ பாத்தாலும் பிரயோசனம் இல்ல. ப்ளே இருக்க வண்டில அலைன்மெண்ட் வச்சா நிக்கவும் செய்யாது. தூக்கிப் பாக்காம ரேக்குன்னு சொன்னது தப்பு, அத நான் ஒத்துக்கிட மாட்டேன்.

ஒரு கேள்வி: வண்டி எப்பவாவது தண்ணில நின்னுச்சா?


பாளை_டீச்சர்:

அண்ணாச்சி சொன்னதோட என் அனுபவம் ஒண்ணு சேத்துக்கிடுங்க, ஏன்னா நான் இதுல ஏமாந்தவ. எனக்கும் இதே ஊளை வந்துச்சு, பேரிங்னு சொல்லி ரெண்டு பக்கமும் மாத்துனாங்க, சத்தம் அப்படியே இருந்துச்சு. அப்புறம் வேற ஒருத்தர் டயர் மேல கைய வச்சு முன்ன இருந்து பின்ன, பின்ன இருந்து முன்னன்னு தடவிப் பாக்கச் சொன்னாரு. ஒரு பக்கம் தடவுனா வழுவழுன்னு இருக்கு, எதுப் பக்கம் தடவுனா ரம்பப் பல்லு மாதிரி விரல்ல மாட்டுது, பட்டன் (டயர் மேல கட்டை கட்டையா இருக்க ரப்பர்) எல்லாம் பள்ளம் பள்ளமாத் தேஞ்சிருக்கு. ஷாக் அப்சார்பர் போயிருந்ததால டயர் துள்ளித் துள்ளித் தேஞ்சிருக்கு. முன் டயர் ரெண்டையும் பின்னாடி மாத்திப் போட்டோம், சத்தமும் பின்னாடி போயிருச்சு. அதனால பேரிங் வாங்குறதுக்கு முன்னாடி டயர மாத்திப் போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, அதுக்குக் காசே கெடயாது.

டயர் வயசும் பாருங்க. பக்கவாட்டுல ஒரு முட்டை வடிவத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 2317னு இருந்தா 2017ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லாருக்கேன்னு பழைய டயர நம்பக் கூடாது, நம்ம ஊர் வெயில்ல ரப்பர் உள்ளுக்குள்ளயே செத்துரும்.

இன்னொண்ணு, டெஸ்ட் பண்ணுறதுக்கு நாலு வழிச் சாலைல நாங்குநேரி தாண்டி வள்ளியூர், காவல்கிணறு பக்கம் போயிராதீங்க. ஆனி ஆடில ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து சின்ன வண்டிய அப்படியே தள்ளும், வண்டி ஆடுதா காத்து ஆட்டுதான்னு தெரியாது. ரெட்டியார்பட்டி மலைய வெட்டி ரோடு போட்டிருக்காங்கல்ல, அங்க கண்ணாடிய எறக்கிட்டு ஓரமாப் போனா பாறைல பட்டு சத்தம் திரும்பி வரும், எந்தப் பக்க வீல்னு காதுக்கு நல்லாப் புரியும். எனக்கு அங்கதான் புரிஞ்சிது.


கல்லிடை_800:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு ஞாயித்துக்கிழம, காலைல இருந்து இதே வேலை. பாத்தத அப்படியே எழுதுதேன்.

அண்ணாச்சி, தண்ணில நின்னுச்சு. 2023 டிசம்பர் 17, 18 மழைல வண்டி வண்ணாரப்பேட்டைல தங்கச்சி வீட்டு முடுக்குல மாட்டிக்கிட்டு. கதவு அடி வரைக்கும் தண்ணி, ரெண்டு நாள் அப்படியே நின்னுச்சு. அப்புறம் எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மாத்துனோம், பிரேக்கக் கழட்டி சுத்தம் பண்ணுனோம், சீட்ட வெயில்ல காயப் போட்டோம். ஹப்ப யாரும் தொடல. இவ்வளவு நாள் கழிச்சு அது வந்து நிக்கும்னு நான் யோசிக்கவே இல்ல.

வீல் நட்டு நாலும் டைட். வலது முன் ரிம்முக்கு உள்பக்கம் கரிசக்காட்டு அண்ணாச்சி சொன்ன மாதிரியே, தொழி மண்ணு பாளம் பாளமா ஒரே எடத்துல. நாத்துக்கட்டு ஏத்திட்டு வயலுக்குப் போனது. சொரண்டி எடுத்து தராசுல வச்சேன், 180 கிராம். அதுக்கப்புறம் 75ல வந்த தடதட முக்கால்வாசி போயிருச்சு. ஆனா 30ல வர்ற ஆட்டம் அப்படியே இருக்கு.

டயர முன்ன பின்ன மாத்திப் போட்டேன், ஊளை முன்னாடியேதான் இருக்கு, ஆனா 30ல ஸ்டியரிங் ஆட்டம் போயிருச்சு, அதுக்குப் பதிலா இப்ப பின்னாடி இடுப்பு ஆடுது. அப்பதான் டயர் மேல சந்தேகம் வந்துச்சு. வலது முன்னாடி இருந்த டயர மறுபடி தூக்கி வச்சு, பக்கத்துல ரெண்டு செங்கல் அடுக்கி, அது மேல சாக்பீஸ டயர் மேல படாம ஒரு நூல் எடவெளி விட்டுப் புடிச்சுக்கிட்டு பைய சுத்துனேன். முக்கால் சுத்து வரைக்கும் படல. அதுக்கப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளக் கோடு விழுந்துச்சு. ரிம் ஓரத்துலயும் அப்படியே வச்சுப் பாத்தேன், ரிம் நேராத்தான் இருக்கு. அந்தக் கோடு விழுந்த எடத்துல உள்ளங்கைய வச்சா டயர் முதுகு லேசா புடைச்சிருக்கு, கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டுந்தான் தெரியுது. நம்பர் 3216. டீச்சர் சொன்ன கணக்குப்படி 2016.

சத்தத்துக்கு, சேரன்மகாதேவி ரோட்டுல காலைல யாரும் இல்லாதப்ப பையன வச்சு ஓட்டிப் பாத்தேன். வலது பக்கம் அசைச்சா ஊளை கூடுது, இடது அசைச்சா கிட்டத்தட்ட நின்னே போகுது. வீட்டுக்கு வந்து இடது வீலத் தூக்கி ஸ்பிரிங்கப் புடிச்சா, மணல் போட்டு அரைச்ச மாதிரி விரல்ல ஏறுது. வலது பக்க ஸ்பிரிங் சும்மா இருக்கு. இடது வீல்ல 12, 6ல லேசா டக்குனு ஒரு ப்ளே, பையன் பிரேக் மிதிச்சதும் இல்ல. 9, 3ல ரெண்டு வீல்லயும் ஒண்ணுமே இல்ல. அப்ப ரேக் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?


பேட்டை_மெக்கானிக்:

ரேக் நல்லாருக்கு தம்பி, அதத் தொடாதீங்க. இடது வீல் பேரிங், வலது பக்கத்து டயர், ரெண்டு வேற வேற நோய். டயர் உள்ள இருக்க கம்பி வலை பிரிஞ்சு போச்சு, அதான் முதுகு புடைச்சிருக்கு, அது எப்ப வேணும்னாலும் வெடிக்கும். அம்மாவ வச்சிட்டு அந்த டயர்ல ஒரு கிலோமீட்டர் கூட போகாதீங்க, இன்னைக்கே கழட்டி ஸ்டெப்னியப் போடுங்க. ஸ்டெப்னி வயசையும் பாத்துக்கிடுங்க. டயர் வாங்கும்போது 145/70 ஆர் 12 சைஸ்ல ஜோடியா வாங்கி முன்னாடி போடுங்க.

பேரிங் வேலைல ஒரு விசயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. நக்கிளக் கழட்டி பிரஸ்ல வச்சு ஏத்துற எடத்துல குடுங்க. சுத்தியல வச்சு அடிச்சு ஏத்துனா உள்ள இருக்க குண்டு ஓடுற பாதைல பள்ளம் விழுந்துரும், கண்ணுக்குத் தெரியாது, மூணு மாசத்துல மறுபடி ஊளை போடும், அப்புறம் பேரிங் கம்பெனி மேல பழி போடுவாங்க. நக்கிள்ல ஏத்தும்போது வெளி வளையத்துல மட்டுந்தான் அழுத்தம் விழணும். ஆயில் சீல் புதுசு போடணும், பழச மறுபடி போட்டா தண்ணி உள்ள போக வழி விட்ட மாதிரி. ஆக்சில் நட்டும் புதுசு, வண்டி தரைல நிக்கும்போது டார்க் ரெஞ்ச் (எவ்வளவு டைட்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு டைட் பண்ணச் சொல்லுங்க. டிஸ்க் மாட்டுறதுக்கு முன்னாடி ஹப் முகத்துல இருக்க துருவ பிரஷ் போட்டு எடுத்துரணும், அந்தத் துரு மேல டிஸ்க் உக்காந்தா பிரேக் புடிக்கும்போது புதுசா ஒரு ஆட்டம் வரும்.


விகேபுரம்_ரைடர்:

ஆக்சில்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க ப்ரோ. அந்த பிரேக் மிதிச்சுப் பாக்குற விசயம் எனக்கு இதுவரைக்கும் தெரியாது. நாளைக்கே என் வண்டில பாக்கேன்.


கல்லிடை_800:

நேத்தைக்கு வேலை முடிஞ்சுது. பக்கத்துலயே நின்னு பாத்தேன். பிரஸ்ல வச்சு பழைய பேரிங்க வெளில தள்ளுனதும் உள்ள கிரீஸே இல்ல, செம்மண்ணக் கொழச்ச மாதிரி ஒரு சேறு. மெக்கானிக் அத டீசல்ல கழுவி என் கைல குடுத்தாரு. குண்டு ஓடுற பாதைல அம்மைத் தழும்பு மாதிரி வரிசையா குழி, நகத்த வச்சா மாட்டுது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்த வெள்ளம் அதுக்குள்ளயே உக்காந்திருந்திருக்கு. வலது பேரிங்கும் அதே தண்ணில நின்னதுதான, அது இன்னும் சத்தம் போடல, ஆனாலும் அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் மாத்திரச் சொல்லிட்டேன்.

முன்னாடி ரெண்டு புது டயர், பேலன்சிங், ஸ்டெபிலைசர் புஷ், கடசியா ஒரே ஒரு அலைன்மெண்ட். எல்லாஞ் சேத்தும் ரேக்குக்குச் சொன்ன காசு ஆகல.

இன்னைக்கு அம்மாவ ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்தேன். எப்பவும் வீடு வர்ற வரைக்கும் கதவுக் கைப்பிடியப் புடிச்சிட்டே உக்காந்திருப்பாவ. இன்னைக்கு பத்தமடை தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாவ.


பேட்டை_மெக்கானிக்:

ரொம்ப சந்தோசம் தம்பி. புது டயர் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடுனதும் வீல் நட்ட ஒரு தடவ டைட் பாத்துருங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு எதிரெதிரா டைட் பண்ணணும், வரிசையா வேண்டாம்.


கல்லிடை_800:

பாளைக்கு ஒரு தடவ போயிட்டு வந்தா 70 கிலோமீட்டர் ஆயிரும் அண்ணாச்சி. வியாழக்கெழம காலைல கெளம்புறதுக்கு முன்னாடி பாத்துருதேன்.